தேயாத இடம் ஒன்று உண்டு!

'அம்மி கொத்தலையோ... ஆட்டுக்கல் கொத்தலையோ...'

இந்தக் குரலைக் கடைசியாக எப்போது கேட்டீர்கள் தோழிகளே, ஞாபகம் இருக்கிறதா? சின்ன உளியும் சுத்தியலுமாகத் தெருவில் ஒருவர் வருவார். அரைத்து அரைத்து வழவழவென்று ஆகிவிட்ட அம்மியைத் திண்ணையில் போட்டு, 'டிக்... டிக்...' என்று பொறுமையாகக் கொத்துவார். கழுவி, ஒரு கைப்பிடி தவிட்டை அரைத்துக் கொட்டினால் போதும். மறுநாள் துவையல் பழையபடி மசியும்!

இப்போது ஒரு கேள்வி. கொத்திய பிறகு அங்கே இருப்பது பாட்டி காலத்து அம்மியா, புது அம்மியா? 'இதென்ன கேள்வி, அதே அம்மிதான்' என்பீர்கள். சரி, குழவி உடைந்து வேறு குழவி வாங்கிவிட்டால்? பாட்டியின் சங்கிலியை அழித்துப் பேத்திக்கு வளையல் செய்தால், அது யாருடைய நகை?

விளையாட்டாகத் தோன்றும் இந்தக் கேள்வி, எங்கள் வீட்டில் பல மாதம் எல்லோருடைய தூக்கத்தையும் கெடுத்தது. காரணம், நாலரை அடி நீளமுள்ள ஒரு பழைய லேத் மெஷின்!

'பக்திப் பத்திரிகையில் லேத் மெஷினா?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள். இந்தக் கதையில் பெருமாளும் வருகிறார்.

வரதர் வந்த பேட்டை

எனக்குப் பிறந்த வீடு வடசென்னை காலடிப்பேட்டை. திருவொற்றியூருக்குப் போகிற வழியில், கிழக்கே கடல், மேற்கே ரயில் பாதை. 2021ல் மெட்ரோ ரயிலும் வந்துவிட்டது. ஆனால், ஊருக்குள் நுழைந்தால் இன்றும் முதலில் தேடத் தோன்றுவது கல்யாண வரதராஜப் பெருமாள் கோயிலைத்தான்.

இந்தக் கோயில் வந்த கதை சுவையானது. 1717 முதல் 1720 வரை சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்தவர் ஜோசப் காலட். அவரிடம் வேலை பார்த்த வீரராகவர், காஞ்சி வரதரே கதி என்று இருந்தவர். தரிசனத்துக்குப் போய்விட்டு வேலைக்குத் தாமதமாக வருவாராம். ஒருநாள் கவர்னர், 'இந்த நேரத்தில் காஞ்சியில் உன் சாமிக்கு என்ன நடக்கிறது, சொல் பார்ப்போம்' என்று கேட்க, இவர் கண்ணை மூடிக்கொண்டு அங்கே நடந்துகொண்டிருந்த உற்சவக் காட்சியை இங்கிருந்தே சொன்னாராம். ஆள் அனுப்பி விசாரித்தால், சொன்னது அப்படியே உண்மை! வியந்துபோன கவர்னர், பக்தர் தினமும் அலைய வேண்டாம் என்று வரதருக்கு இங்கேயே கோயில் அமைய உதவினார் என்கிறது தல வரலாறு.

நெசவாளர்களைக் குடியேற்றிய அந்த ஊருக்கு 'காலட்பேட்டை' என்று கவர்னர் பெயரே வந்தது. நம் ஜனங்களின் நாக்கில் அது புரண்டு புரண்டு 'காலடிப்பேட்டை' ஆகிவிட்டது. வெள்ளைக்காரர் பெயர் போய், பெருமாளின் காலடி வந்துவிட்டது பாருங்கள்! பெயரின் எழுத்து மாறியது, பொருளும் மாறியது. ஊர் மாறிவிட்டதா என்ன?

இந்தக் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் எங்கள் வீடு. முன்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு சின்னப் பட்டறை. அதில்தான் அப்பாவின் லேத். ஏதோ ஒரு தொழிற்சாலை கழித்துப் போட்டதை ஏலத்தில் எடுத்தவர்களிடமிருந்து அப்பா வாங்கியது. அதன் முகப்புத் தகட்டில் எழுத்தெல்லாம் தேய்ந்து, 'இங்கிலாந்து' என்ற ஒரு வார்த்தை மட்டும்தான் படிக்க முடியும். அப்பாவை விட வயதில் மூத்தது என்பார்கள்.

கடைவதும் கடைவதும் ஒன்றே!

லேத் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இரும்புத் துண்டை 'சக்' எனும் பிடியில் இறுக்கிச் சுழலவிடுவார்கள். கூரான உளியை அதன் மேல் மெல்லப் படவைத்தால், தேங்காய்த் துருவல் விழுகிற மாதிரி இரும்புச் சுருள் விழும். துண்டு உருண்டையாக, அளவாக, வழவழப்பாக உருவெடுக்கும். அவ்வளவுதான்!

தமிழ் படித்தவள் என்பதால் எனக்கு ஒரு சந்தோஷம். தயிரைக் கடைகிறோம். இரும்பையும் மரத்தையும் கடைகிறோம். கடைசல் பட்டறை என்கிறோம். இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல்! காரணமில்லாமல் இல்லை. பழைய காலத்துக் கடைசல் கருவியில் ஒரு கயிற்றைச் சுற்றி, முன்னும் பின்னும் இழுத்துத்தான் கட்டையைச் சுழற்றுவார்கள். மத்தில் கயிறு சுற்றி மோர் கடைகிற அதே வேலை! நம் வீட்டுத் தொட்டில் கம்பும், குழந்தைகளின் சொப்புச் சாமானும் இப்படிக் கடைந்து வந்தவைதான். பேலூர் சென்னகேசவர் கோயிலுக்குப் போனவர்கள், கண்ணாடி மாதிரி மின்னும் வட்டத் தூண்களைப் பார்த்திருப்பீர்கள். அவையும் கல்லைச் சுழலவிட்டுக் கடைந்தவையே.

இரும்பைத் துல்லியமாகக் கடைய, உளியைக் கையால் பிடிக்காமல் ஒரு நகரும் மேடையில் இறுக்கி, மரையின் போக்கிலேயே நகர்த்தும் லேத்தை 1800ஐ ஒட்டி லண்டனில் உருவாக்கிப் புகழ் பெற்றவர் ஹென்றி மாட்ஸ்லி. இன்றைய லேத்துகளுக்கெல்லாம் அதுவே முன்னோடி.

கடைதல் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பாற்கடல்தானே! மந்தர மலை மத்து, வாசுகி கயிறு. இழுத்தார்கள், இழுத்தார்கள்... மலை கடலுக்குள் மூழ்கிவிட்டது! ஏன்? அடியில் தாங்க ஒன்றுமில்லை. பெருமாள் ஆமையாகி அடியில் போய் அசையாமல் கிடந்த பிறகுதான் அமுதம் வந்தது.

லேத்துக்கும் அப்படியோர் ஆமை உண்டு. 'பெட்' என்பார்கள். தண்டவாளம் மாதிரி நீளமாகக் கிடக்கும் வார்ப்பிரும்பு மேடை. சுழல்வது மேலே, சத்தம் மேலே, பளபளப்பு மேலே. ஆனால், கடைந்து வரும் பொருள் நேராக இருக்குமா, கோணலாக இருக்குமா என்பதைத் தீர்மானிப்பது அசையாமல் கீழே கிடக்கும் அந்த பெட்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

ஞாபகத்துக்கு வாடகை உண்டா?

அப்பா போய்ச் சேர்ந்து ஏழு வருஷமாகிறது. லேத் நின்றுவிட்டது. எங்கள் ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? கடல் உப்பு, ஜன்னல் கம்பியையே தின்னும். லேத்தின் மேல் செம்மண் பூசியதுபோலத் துரு ஏறியது. ஆயுத பூஜைக்கு மட்டும் அம்மா அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்து, பொரி படைப்பாள்.

போன வருஷம் தம்பி பேச்சை எடுத்தான். "அம்மா, எடைக்குப் போட்டா இன்னைக்கே காசு. ரிப்பேர் பண்ணணும்னா அதைவிட ஜாஸ்தி செலவு. பட்டறையைக் காலி பண்ணினா வாடகைக்கு விடலாம். ஞாபகத்துக்கு யாராவது வாடகை குடுப்பாங்களா?"

அவனைக் கோபித்துக்கொள்ளாதீர்கள் தோழிகளே. அவன் சொன்னதில் ஒரு கணக்கும் தப்பில்லை. வீட்டுக் கடனைக் கட்டுகிறவன் அவன்தான்.

அம்மா அழவில்லை. "போடறதுன்னா போடு. ஆனா, எடை போடறப்ப நான் வீட்ல இருக்க மாட்டேன். நான் இங்கேர்ந்து பார்க்கக் கூடாது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "என் குத்துவிளக்கை இந்த மெஷின்லதான் சரி பண்ணித் தரேன்னு சொல்லிட்டே இருந்தாரு..." என்றாள்.

அம்மாவின் கல்யாணச் சீர் விளக்கு அது. நடுத்தண்டும் அடிப்பாகமும் சேரும் இடத்தில் மரை தேய்ந்துபோய், தண்டு சாயும். வெள்ளிக்கிழமைதோறும் மரையில் நூல் சுற்றி நிமிர்த்தி வைத்துத்தான் ஏற்றுவாள். 'நாளைக்குப் பண்றேன், நாளைக்குப் பண்றேன்' என்றே அப்பாவின் காலம் போய்விட்டது. ஊருக்கெல்லாம் மரை போட்டுக் கொடுத்தவருக்கு வீட்டு விளக்குக்கு நேரம் கிடைக்கவில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கும், இல்லையா?

தம்பி அதற்கப்புறம் எடைக்கடைப் பேச்சை எடுக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அப்பாவோடு வேலை பார்த்த ஃபிட்டர் மாமாவைப் போய் அழைத்து வந்தான்.

அஞ்சறைப்பெட்டியில் திருகாணிகள்

ஃபிட்டர் மாமாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. வந்தவர் லேத்தைத் தொடவில்லை. முதலில் பெட்டின் அடியில் டார்ச் அடித்து, கையால் தடவித் தடவிப் பார்த்தார். "விரிசல் இல்லை தம்பி. விரிசல் விட்டிருந்தா நானே எடைக்குப் போடச் சொல்லியிருப்பேன். தேய்ஞ்சது வேற, உடைஞ்சது வேற" என்றார்.

பிறகு கழற்றும் வேலை. அவர் போட்ட முதல் சட்டம்: "கழட்டுறது யார் வேணா கழட்டலாம். திருப்பிச் சேர்க்கிறதை நினைச்சுக்கிட்டே கழட்டணும்." எந்தப் பாகம் எந்தப் பாகத்தோடு சேர்ந்திருந்ததோ, அந்த ஜோடிக்கு ஒரே புள்ளி அடையாளம். அறுபது, எழுபது வருஷம் ஒன்றோடொன்று உரசித் தேய்ந்த ஜோடிகள் அவை. ஒரே மாதிரிதானே இருக்கிறது என்று இடம் மாற்றிப் போட்டால் சேராது. திருகாணிகளை வைக்க அம்மா தன் பழைய அஞ்சறைப்பெட்டியைக் கொடுத்தாள். கடுகுக்கும் மிளகுக்கும் இருந்த குழிகளில் போல்ட்டும் நட்டும் உட்கார்ந்தன.

நானும் ஒரு உதவி செய்தேன். அதாவது, உபத்திரவம்! கழற்றிய பாகங்களுக்கு நடுவே தட்டில் எண்ணெய்ப் பிசுக்கோடு காகிதம் மாதிரி மெல்லிய நாலைந்து பித்தளைத் துண்டுகள் கிடந்தன. குப்பை என்று நினைத்துக் கூட்டி வாரிப் போட்டுவிட்டேன். மறுநாள் மாமா, "டெயில்ஸ்டாக் அடியில இருந்த தகடெல்லாம் எங்கம்மா?" என்று கேட்டபோதுதான் எனக்குப் புரிந்தது. குப்பை வண்டி அதற்குள் போய்விட்டது.

லேத்தின் ஒரு முனையில் சுழலும் தலை. எதிர்முனையில் பொருளைத் தாங்கிப் பிடிக்கும் டெயில்ஸ்டாக். இரண்டின் மையமும் ஒரே உயரத்தில் நேருக்கு நேர் பார்க்க வேண்டும். டெயில்ஸ்டாக் நகர்ந்து நகர்ந்து அடி தேய்ந்தால் மையம் இறங்கிவிடும். அந்த இறக்கத்தைச் சரிக்கட்ட அப்பா ஒவ்வொன்றாக அளந்து, வெட்டி, அடியில் கொடுத்திருந்த தகடுகள்தான் நான் தூக்கிப் போட்டவை. அப்பாவின் கையெழுத்தையே கிழித்துப் போட்டதுபோல இருந்தது எனக்கு. அன்று ராத்திரி சாப்பிட முடியவில்லை.

மாமாதான் தேற்றினார். "தகடு போனா போவுது பாப்பா. உங்கப்பா எந்தப் புள்ளியைப் பார்த்து அளந்தாரோ, அந்தப் புள்ளி இங்கதானே இருக்குது? சுத்துற தலை அசையலையே. அதைப் பார்த்து நாம மறுபடி அளந்துக்கலாம்."

அளந்தார். புதுத் தகடு வெட்டினார். மையம் மையத்தைப் பார்த்தது.

'ஒரு ஆணி கூட மாற்றக் கூடாது!'

அடுத்த சிக்கல் அம்மாவிடமிருந்து வந்தது. உளி மேடையை நகர்த்தும் கைச்சக்கரத்தைச் சுற்றினால், கால்வாசிச் சுற்று வரை ஒன்றும் நடக்காது. அதற்கப்புறம்தான் மேடை நகரும். உள்ளே இருக்கும் நட் தேய்ந்துவிட்டது. மாற்ற வேண்டும் என்றார் மாமா. அம்மா, "முடியாது அண்ணே. அவரு இருந்தப்ப இருந்த மெஷின் அப்படியே இருக்கணும். ஒரு ஆணி கூட மாத்தக் கூடாது" என்றாள்.

மாமா பொறுமையாகச் சொன்னார்: "தங்கச்சி, கை சுத்துது, உளி நகரலை. இப்படியே வெச்சா இது சாமி கும்பிடத்தான் ஆகும், விளக்குக்கு மரை போட ஆகாது. உனக்கு எது வேணும்னு நீயே சொல்லு."

'கை சுற்றுகிறது, உளி நகரவில்லை...' என்னை உலுக்கிவிட்டது அந்த வார்த்தை. ஜபமாலையை உருட்டிக்கொண்டே 'குக்கர் எத்தனை விசில் அடித்தது' என்று எண்ணுகிறோமே, அது இதுதானே!

அம்மா இரண்டு நாள் பேசவில்லை. அந்த இரண்டு நாளும் நான் யோசித்தேன். நம் முன்னோர் இந்தக் கேள்விக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

கோயில்களில் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் செய்கிறோம். பீடத்தையும் விக்கிரகத்தையும் சேர்த்துப் பிடிக்கும் அஷ்டபந்தனம், கொம்பரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என எட்டுப் பொருள்களை இடித்துச் சேர்த்த மருந்து. அது காலத்தில் இறுகி உதிரும். பழையதை எடுத்துவிட்டுப் புதிதாகச் சாத்துகிறோம். அதற்கு முன்பே பாலாலயம் செய்து, சுவாமியின் சாந்நித்தியத்தை வேறிடத்தில் எழுந்தருளச் செய்து பூஜையை நிறுத்தாமல் நடத்துகிறோம். 'ஜீர்ணோத்தாரணம்' என்று இதற்குப் பெயர். ஜீர்ணமானதைத் தூக்கி நிறுத்துவது! 'மருந்து மாறிவிட்டதே, இது பழைய சாமியா?' என்று யாராவது கேட்கிறோமா?

பூரி ஜகந்நாதர் இன்னும் ஒரு படி மேலே. அவர் திருமேனியே வேப்ப மரம். குறிப்பிட்ட சில வருஷங்களில் 'நவகளேபரம்' என்று முழுத் திருமேனியையே மாற்றுகிறார்கள். 1996ல் நடந்தது. பிறகு 2015ல் நடந்தது. பழைய திருமேனிக்குள் இருக்கும் 'பிரம்ம பதார்த்தம்' எனும் ரகசியப் பொருளை, கண்ணைக் கட்டிக்கொண்ட சேவகர்கள் இருட்டில் எடுத்துப் புதிய திருமேனிக்குள் வைப்பார்கள். பழைய மேனியைக் கோயில் வளாகத்திலேயே மரியாதையோடு அடக்கம் செய்வார்கள். மரம் முழுக்கப் புதிது. ஜகந்நாதர் அதே ஜகந்நாதர்!

எங்கள் வரதரின் தாய்வீடான காஞ்சியிலும் ஒரு பாடம் இருக்கிறது. 2019ல் அத்தி வரதரைத் தரிசிக்க அலைமோதியது ஞாபகம் இருக்கும். 1979க்குப் பிறகு, நாற்பது வருஷம் கழித்து அனந்தசரஸ் குளத்திலிருந்து வெளியே வந்து 48 நாள் காட்சி தந்தார். அத்தி மரத்தாலான ஆதித் திருமேனி அவர். கருவறையில் இன்றிருக்கும் மூலவர் கல் திருமேனி. கருவறை வேலை புதியவருக்கு. ஆனால், பழையவரை யாரும் தூக்கி எறியவில்லை; நீருக்கடியில் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

இதெல்லாம் தெய்வ விஷயம், இயந்திரத்துக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் பெரம்பூர் ரயில் பட்டறையில் நடந்ததைச் சொல்கிறேன். 1855ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்த நீராவி இன்ஜின் ஒன்று, வேலையிலிருந்து ஓய்வு பெற்று நூறு வருஷம் போலக் காட்சிப் பொருளாக நின்றது. பெயர் 'ஈ.ஐ.ஆர். 21'. காணாமல் போன பாகங்களைப் புதிதாகச் செய்து பொருத்தி, 2010ல் அதை மறுபடி ஓட வைத்தார்கள் நம் பெரம்பூர் தொழிலாளர்கள். ஒரு பாகமும் மாற்றக் கூடாது என்று நினைத்திருந்தால், அது இன்னமும் நின்ற இடத்திலேயே நிற்கும். பாதி பாகம் போய்விட்டதே என்று எடைக்குப் போட்டிருந்தால், நிற்கக்கூட ஆளிருக்காது.

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்தாள். கடைசியில், "பழைய நட்டை என்கிட்ட குடுத்துடணும்" என்றாள். சம்மதம் என்று அர்த்தம்!

பக்கத்துத் தெரு பட்டறையில் புது நட் கடைந்து வந்தது. அதற்கும் ஒரு சங்கதி உண்டு தோழிகளே. நீளமான திருகுத் தண்டு இரும்பு. அதில் ஓடும் நட்டை வேண்டுமென்றே கொஞ்சம் மென்மையான உலோகத்தில் செய்வார்கள். உரசலில் தேய வேண்டியது நட்தான். தண்டு தப்பிக்க வேண்டும். உங்கள் வீட்டில் அந்த நட் யார்? யோசித்துப் பாருங்கள்! மென்மையாக இருப்பது குறையல்ல, அதனால்தான் குடும்பம் ஓடுகிறது. ஆனால், மாமா சொன்ன அடுத்த வாக்கியத்தையும் கேளுங்கள்: "எண்ணெய் ஒழுங்கா போட்டிருந்தா இந்த நட் இன்னும் பல வருஷம் வந்திருக்கும்." தேய்கிறவரைப் பாராட்டினால் மட்டும் போதாது. எண்ணெய் போட வேண்டும்!

பளபளப்பு வேறு, நேர்த்தி வேறு

தம்பிக்கு ஒரே அவசரம். எமரி பேப்பரை எடுத்து பெட்டைத் தேய்க்கப் போனான். மாமா கையைத் தட்டிவிட்டார். எமரியின் தூள் இரும்பில் பதிந்து, மேலே ஓடும் பாகத்தை நாள்தோறும் அரித்துக்கொண்டே இருக்குமாம். "பளபளன்னு இருக்கும். நேரா இருக்காது. லேத்துக்கு எது வேணும்?"

கோயில்களிலும் இந்தத் தவறு நடந்திருக்கிறது. அழுக்குப் போக வேண்டும் என்று மணலை வேகமாக வீசியடித்துக் கல்லைச் சுத்தம் செய்தார்கள். சுவர் பளிச்சென்றது, கல்வெட்டு எழுத்தும் சிற்பத்தின் மூக்கு நுனியும் மங்கின. சென்னை உயர் நீதிமன்றம் கேட்டுக்கொண்டபடி யுனெஸ்கோ நிபுணர்கள் தமிழகக் கோயில்கள் சிலவற்றைப் பார்த்து 2017ல் கொடுத்த அறிக்கை, திருப்பணி நடந்த விதத்தில் குறைகளைச் சுட்டிக்காட்டியது. புதிதாகத் தெரிய வைப்பது திருப்பணி ஆகாது.

மாமா செய்தது வேறு. நேரான ஒரு இரும்புப் பட்டையில் நீல மை தடவி, பெட்டின் மேல் வைத்து உரசி எடுத்தார். மேடான இடத்தில் மட்டும் நீலம் ஒட்டியது. கைச் சுரண்டியால் அந்த நீலத்தை மட்டும் சுரண்டினார். மறுபடி மை. மறுபடி உரசல். மறுபடி சுரண்டல். ஒரு நாளில்லை, இரண்டு நாளில்லை... வாரக் கணக்கில்! சுரண்டிய இடமெல்லாம் மீன் செதில் மாதிரி மெல்லிய குழிகள். அவற்றில்தான் எண்ணெய் தங்குமாம். கொத்திய அம்மி ஞாபகம் வருகிறதா?

"பள்ளத்தை ஏன் நிரப்பக் கூடாது மாமா?" என்று கேட்டேன். "குழியை நிரப்ப முடியாதும்மா. மேடா இருக்கிறதுதான் இறங்கி வரணும்" என்றார். மாமியார், மருமகள், நாத்தனார்... யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். நான் ஒன்றும் சொல்லவில்லை!

எனக்கு இன்னொரு சந்தேகம். "பெட் முழுக்கத் தேய்ஞ்சிருக்கே. எதை நேர்னு வெச்சு அளப்பீங்க?"

மாமா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். சக்குக்குப் பக்கத்தில்தான் தேய்மானம் அதிகம். பெரும்பாலான வேலை அங்கேதான் நடக்கும். அதுவும் ஒரு தலைமுடிப் பருமன் இருக்காது. அதற்கே கடைசல் கோணலாகிவிடுகிறது! மறுகோடியில் மேடை அதிகம் போய்வராத ஒரு இடம். அங்கே அவர் விரலை வைத்தார். "இந்த ரெண்டு ஜாண் இடம், பொறந்த மேனிக்கு இருக்குது பாரு. எவ்ளோ பழைய லேத்தா இருந்தாலும், எங்கேயாவது தேயாத இடம் ஒண்ணு இருக்கும். அதைக் கண்டுபிடிச்சு, அங்கேர்ந்து அளக்கணும். தேய்ஞ்ச இடத்துலேர்ந்து அளந்தா, கோணலையே நேர்னு நினைச்சுக்குவோம்."

தோழிகளே, நான் தேடிய பதில் எனக்கு அங்கே கிடைத்தது.

பழையது எப்போது பழையதாகவே இருக்கிறது? எல்லாப் பாகமும் அப்படியே இருப்பதாலா? இல்லை. பளபளவென்று மின்னுவதாலா? அதுவும் இல்லை. அதற்குள் தேயாமல் இருக்கும் அளவுகோல் ஒன்றிலிருந்து அதைச் சரி செய்து, அது எதற்காகப் பிறந்ததோ அந்த வேலையை மறுபடி செய்ய வைத்தால், அது அதேதான். தகடு போகலாம், நட் மாறலாம், பெயிண்ட் மாறலாம். தேயாத இடமே இல்லாதபடி விரிசல் விட்டுவிட்டால்? பின்னமான விக்கிரகத்தை மரியாதையோடு நீரில் விடுவதுபோல விட்டுவிடலாம். அதிலும் பாவமில்லை. தேய்ந்ததை உடைந்தது என்று தூக்கி எறிவதுதான் தவறு.

எங்கள் திருவொற்றியூரில் வாழ்ந்த கலிய நாயனாரைப் பாருங்கள். எண்ணெய் வணிகம் செய்த செல்வந்தர். கோயிலுக்குத் திருவிளக்கு ஏற்றுவது அவர் தொண்டு. செல்வம் போனது. பிறர் எண்ணெயைக் கூலிக்கு விற்றார். அதுவும் போய், செக்காட்டும் கூலியானார். அந்த வேலையும் போனது. எண்ணெய்க்கு வழியில்லாத நாளில் தன் ரத்தத்தையே அகலில் வார்க்கத் துணிந்தபோது இறைவன் கையைப் பிடித்தார் என்கிறது பெரிய புராணம். வணிகர், விற்பனைக் கூலி, செக்குக் கூலி... அவர் வாழ்க்கையில் மாறாத பாகம் எது? விளக்கு ஒன்றுதான். அதை வைத்துத்தான் நாம் அவரை நாயனாராக அறிகிறோம்.

நம் வீடுகளிலும் தேய்மானம் உண்டு. இருபது வருஷத் திருமணம், பேச்சு நின்றுபோன அக்கா-தங்கை உறவு, வயதான மாமியாரின் ஞாபகம்... எடைக்குப் போடுவது சுலபம். மேலாக எமரி போட்டு, கல்யாண வீட்டில் மட்டும் சிரித்துக்கொள்வதும் சுலபம். எங்கேயோ தேயாத இரண்டு ஜாண் இடம் இருக்கும். என்றோ ஒருநாள் காய்ச்சலில் கிடந்தபோது நெற்றியில் கை வைத்த அந்த ஒரு ராத்திரி போல. அங்கேயிருந்து அளக்க ஆரம்பித்தால் என்ன?

விளக்கு நிமிர்ந்தது

ஆயுத பூஜைக்கு முதல் நாள் லேத் ஓடியது. அப்பா கை பட்டுத் தேய்ந்த கைச்சக்கரப் பிடியை மட்டும் மாமா மாற்றவில்லை. "இது தேய்ஞ்சதால ஒண்ணும் கெடலை. இருக்கட்டும்" என்றார். சுற்றியவுடன் உளி நகர்ந்தது.

முதல் வேலை அம்மாவின் விளக்கு. தேய்ந்த மரையைக் கடைந்து எடுத்துவிட்டு, உள்ளே புதுப் பித்தளைத் துண்டைப் பொருத்தி, அதில் மரை வெட்டினான் தம்பி. மாமா பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தார். பித்தளைத் துகள் பொன் தூள் மாதிரி உதிர்ந்தது.

மறுநாள் பூஜை. வழக்கப்படி அன்று மெஷினுக்கு ஓய்வு. வரதர் கோயிலிலிருந்து வாங்கி வந்த துளசியை வைத்து, அம்மா விளக்கை எடுத்தாள். பழக்க தோஷம்... கை தானாக நூலைத் தேடியது. பிறகு சிரித்துக்கொண்டே நூலைக் கீழே வைத்துவிட்டுத் தண்டைத் திருகினாள். இம்மியும் சாயாமல் நின்றது.

பூஜை அலமாரியில், குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் அந்தப் பழைய நட் இருக்கிறது. பட்டறை வாடகைக்குப் போகவில்லை. சனி, ஞாயிறுகளில் தம்பி அங்கே ஏதாவது கடைந்துகொண்டிருக்கிறான்.

'இது உங்க அப்பாவோட லேத்தா?' என்று யாராவது கேட்டால், அம்மா ஒரு நிமிடம்கூட யோசிப்பதில்லை.

"ஆமாம், அவரோடதுதான். ஓடுதே, கேட்கலையா?"